சீவாளி போட்டு ஊதியவர்கள்

டி.வி. சீரியலில் நாயனக்காரனுக்கு இரண்டு விநாடிதான். ஐயர் கையைத் தூக்கி "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்பார். நாங்கள் ஒரு தரம் தெரிவோம். அதற்குள் கேமரா மாமியார் முகத்துக்கும், மாப்பிள்ளையின் பழைய காதலி முகத்துக்கும், தூணுக்குப் பின்னால் நிற்கும் சித்தப்பா முகத்துக்கும் ஓடிவிடும். தாலி பாதியில் நிற்கும். விளம்பரம் வரும். மறுநாளும் அதே தாலி, அதே பாதி. நிஜக் கல்யாணத்தில் தாலி அவ்வளவு நேரம் தொங்கினால் முதலில் மூச்சுப் போவது எங்களுக்குத்தான்.

நானும் ஒரு தரம் அப்படி நின்றிருக்கிறேன். சுவாமிமலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் படப்பிடிப்பு. உள்ளூர் மேளமே போதும் என்று எங்கள் செட்டைக் கூப்பிட்டார்கள். ரோஸ் கலர் பட்டுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுவிட்டு, உதவி இயக்குநர் பையன், "அண்ணே, சத்தம் வராம ஊதுங்க" என்றான். சத்தம் வராமல் எப்படித் தம்பி ஊதுவது? அவனே வழியும் சொன்னான், ஊதுகிற நாணலான சீவாளியைக் கழற்றிவிடச் சொல்லி. சீவாளி செருகுகிற கெண்டையை மட்டும் உதட்டில் வைத்துக்கொண்டு கன்னத்தை உப்பவைத்து நின்றேன். தவில் அண்ணனிடம், தோலில் படாமல் அடிக்கச் சொன்னார்கள். அவர் விரலில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாக உருவித் தகர டப்பாவில் போட்டு மூடினார். "காத்துல அடிக்கறதுக்குக் கூடு எதுக்கு?" என்றார். கூடு என்பது சும்மா இல்லை. மைதாப் பசை தடவிய துணிச் சுருளை விரலளவுக்குச் சுற்றி, காயவைத்து, கல்லுப் போல் ஆக்கி வைத்திருப்பார். அதை மாட்டிவிட்டால் அடித்தாக வேண்டும் என்பது அவர் கட்சி.

இந்தக் கதையெல்லாம் தெரிந்ததால்தான் என் மகள் அன்றைக்கு அந்தத் தொடரைப் போட்டாள் என்று நினைக்கிறேன்.

வைகாசி முகூர்த்தம். காலையில் கல்யாணத்துக்கு நாங்கள். முன்பெல்லாம் சாயங்கால வரவேற்புக்கும் நாங்களே இருந்து, மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு என்று ராத்திரி ஆகிவிடும். இந்தத் தடவை பெண் வீட்டார் வரவேற்புக்குச் செண்டை மேளம் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு டி.ஜே.யாம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள் கரை வேட்டி கட்டிக்கொண்டு வரிசையாக மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் உறுதியாகவில்லை என்று அவர்களில் ஒருவன் போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அதைக் கேட்டதும் சொந்தக்காரனாகிவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் வைகாசியில் ஒரு சாயங்காலம் கையில் சும்மா கிடக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை. லீவுக்கு வந்திருந்த மகள் லேப்டாப்பை டி.வி.யோடு வயரில் கோத்து, "அப்பா, பத்து நிமிஷம் பாருங்க. உங்க ஆளுங்க கதைதான்" என்றாள். இங்கிலீஷ் தொடர். ட்ரெமே என்று பெயர். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் பாட்டுக்காரர்கள் பேட்டை ஒன்று உண்டு, அதன் பெயர். 2005 ஆகஸ்ட் 29-ந் தேதி கத்ரீனா புயல் அடித்து, கரைகள் உடைந்து, ஊரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீரில் மூழ்கியது. அதற்கு மூன்று மாதம் கழித்துக் கதை தொடங்குகிறது.

முதலில் முகமே காட்டவில்லை. உதட்டில் வைத்து ஈரப்படுத்தும் ஒரு நாணல். சாக்ஸபோனின் சீவாளி. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். திருவாவடுதுறையில் வாங்கிவரும் என் சீவாளியையும் அப்படித்தான் வாயில் ஊறவைத்து, பதம் வந்ததா என்று மெல்ல ஊதிப் பார்ப்பேன். வாத்தியம் பிறக்கும் இடம் அது. அதைக் காட்டி ஒரு கதையை ஆரம்பிக்க வேண்டும் என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அடுத்தது பேரம். ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னால் எத்தனை பேர் ஊதுவது, எவ்வளவு பணம் என்று இழுபறி. புயலுக்குப் பிறகு ஊரில் முதல் ஊர்வலம், எல்லாருக்கும் கண் கலங்கக் காத்திருக்கிறது, ஆனாலும் காசு பேசி முடிக்காமல் ஒருவனும் வாத்தியத்தைத் தூக்கவில்லை. மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் வாத்தியார் காசு பேச மாட்டார். பேசினால் வாத்தியத்துக்கு இழுக்கு என்பார். அச்சாரம் வாங்குவது, பஸ் செலவு கேட்பது எல்லாம் அவருடைய தவில்காரர் வேலை. நான் அப்போது தாளம் போடுகிற பையன். ஒத்து ஊதவும் பழகிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடிந்து, பந்தி முடிந்து, சம்பந்திகள் கார் ஏறியபின் மண்டப வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சன்மானப் பை பெண்ணின் தாய்மாமனிடம் இருக்கும். தாய்மாமன் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வாத்தியார் வெற்றிலை போட்டுக்கொண்டு, பணத்தைப் பற்றிய நினைவே இல்லாதவர் போல ஆகாயத்தைப் பார்ப்பார். கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆதி தாளமில்லை, எந்தத் தாளமும் இல்லை. அந்த விரலை எந்த சினிமாவும் காட்டியதில்லை.

தொடரில் ஆண்டுவான் பாட்டீஸ்ட் என்று ஒருவன் டாக்ஸியில் வந்து இறங்குகிறான். டிராம்போன் ஊதுகிறவன். இழுத்து இழுத்து வாசிக்கிற அந்த நீளப் பித்தளைக் குழல். ஊர்வலம் கிளம்பிப் போய்விட்டது, இவன் தாமதம். டாக்ஸிக்காரனுக்குக் கொடுக்கக் காசு பற்றாது, கெஞ்சுகிறான், அதட்டுகிறான், இருப்பதைக் கொடுத்துவிட்டு வாத்தியத்தைப் பொருத்திக்கொண்டே ஓடிப்போய் வரிசையில் சேர்ந்து ஊத ஆரம்பிக்கிறான். ஊத ஆரம்பித்ததும் ஆள் வேறு. டாக்ஸிக் கடன்காரன் எங்கே போனான் என்று தெரியவில்லை. அதே ஊதலின் நடுவே கூட்டாளிகளைப் பார்த்து, காசுக்காக ஊதுங்கடா என்கிற மாதிரி ஒரு வார்த்தையும் விடுகிறான். பக்கத்தில் நிற்கிறவனும் சிரித்துக்கொண்டே ஊதுகிறான்.

இதைத்தான் நான் இத்தனை நாள் எங்கும் பார்த்ததில்லை. காசும் சுகமும் ஒரே மூச்சில் வருவது. நம் சினிமாவில் கலைஞன் ஒன்று தெய்வப் பிறவி, காசைக் கையால் தொட மாட்டான். இல்லையென்றால் குடித்துச் சீரழிந்தவன். நடுவில் உள்ளவன், அதாவது மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டருக்கும் கணக்குப் போட்டு, மேடையில் தோடியையும் விட்டுக்கொடுக்காதவன், வரவே மாட்டான்.

'தில்லானா மோகனாம்பாள்' வந்தது 1968-ல். நாயனக்காரர் வீடுகளில் அந்தப் படத்தைக் குலதெய்வப் படம் போலப் பார்ப்போம். வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரலும் மூச்சும் எங்கேயாவது பிசகுகிறதா என்று எங்கள் வாத்தியார் தியேட்டரில் கண்கொட்டாமல் பார்த்தாராம். வெளியே வந்து, "விரல் சரியா இருக்கு. மூச்சு எடுக்குற எடம்கூடச் சரியா இருக்கு. ஆனா இவ்வளவு அழகா எவண்டா ஊதறான்?" என்றாராம். ஊதும்போது நம் முகம் கோணும், நரம்பு புடைக்கும். அது சிவாஜி முகத்துக்குச் சரிப்படாது.

டிராம்போன்காரனாக நடித்த வெண்டல் பியர்ஸும் வாத்தியக்காரர் இல்லை, நடிகர்தான். அதே ஊரில் பிறந்தவர். உண்மையில் ஊதியது ரீபர்த் பிராஸ் பேண்டில் வாசித்த ஸ்டாஃபோர்ட் ஏஜி. கேமராவில் படாமல் நின்று அவர் ஊத, இவர் குழலை இழுக்கவேண்டிய இடங்களைப் பழகிக்கொண்டு இழுத்திருக்கிறார். மகள் இதைச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தொடரில் பாட்டை முன்பே பதிவு செய்து வாயசைக்கவிடாமல் பெரும்பாலும் அங்கேயே வாசிக்கவைத்துப் பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் பிசிறு கேட்கிறது. நடுவில் ஒருவன் இருமுகிறான். பாட்டை அரை நிமிஷத்தில் வெட்டவும் இல்லை. கதை நின்றால் நிற்கட்டும் என்று பாட்டை ஓடவிட்டிருக்கிறார்கள். சீவாளியைக் கழற்றச் சொன்ன அந்தப் பையன் ஞாபகம் வந்தது. அவன் மேலும் கோபமில்லை, அவனுக்கும் சம்பளப் பாக்கி இருந்திருக்கும்.

'தில்லானா'வில் சிவாஜி, அதாவது சண்முகசுந்தரம், வாசிக்கும்போது வெடிச்சத்தம் கேட்டு, வாத்தியத்தை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். தியேட்டரில் கைதட்டல் பறக்கும். எங்கள் தவில் அண்ணன் மட்டும் எப்போது அந்தக் காட்சி வந்தாலும், "எந்திரிச்சுப் போயிட்டா மிச்சப் பணத்த யாரு தருவா?" என்பார். திருவிழாவில் வெடி போடுவதும் ஒரு குடும்பம், அதற்கும் கோயில்தான் காசு கொடுக்கிறது. நாங்கள் வெடி முடியும்வரை ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

பாட்டீஸ்ட்டும் எழுந்து போகிற ஜாதியில்லை. அந்த ஊரில் போர்பன் தெரு என்று ஒன்று, சுற்றுலாக்காரர்கள் குடிக்க வருகிற இடம். அங்கே ஆடை அவிழ்க்கிற கிளப்பில் போய் ஊதுவது அந்த ஊர் வாத்தியக்காரர்களுக்குக் கொஞ்சம் கூச்சம். இவன் போய் ஊதுகிறான். தெரிந்த சக வாத்தியக்காரர்கள் பார்த்துவிடுகிறார்கள். அவமானப்படுத்தப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர்களோ, அதிலும் பெருமை உண்டு என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் சொல்லித் தேற்றிவிட்டுப் போகிறார்கள். எத்தனை வரவேற்புகளில் ஆலாபனையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புது சினிமாப் பாட்டு வாசித்திருக்கிறேன்! வாத்தியார் காலத்திலும் இது இருந்தது. காருகுறிச்சி அருணாசலம் 'கொஞ்சும் சலங்கை'யில் வாசித்த 'சிங்கார வேலனே'வைக் கேட்காத கல்யாணம் கிடையாது. ஆபேரி ராகம் என்பதால் அதை வாத்தியார் சினிமாப் பாட்டில் சேர்க்க மாட்டார், அவ்வளவுதான்.

இன்னொரு இடம். கெர்மிட் ரஃபின்ஸ் என்று ஒரு டிரம்பெட்காரர், நிஜ ஆள், தன் பெயரிலேயே தானாக வருகிறார். ஒரு குடிக்கடையில் வாசிக்கிறார். கேட்பவர் நடுவில் எல்விஸ் காஸ்டெல்லோ, இங்கிலாந்துப் பெரிய பாட்டுக்காரர், அவரும் நிஜ ஆள்தான், உட்கார்ந்திருக்கிறார். ஒரு ரேடியோக்காரன் பதறிப்போய், போய்ப் பேசு, உலகம் பூராவும் போகலாம், இந்த ஊரிலேயே கறி சுட்டுக்கொண்டு காலத்தைத் தள்ளப் போகிறாயா என்று கேட்கிறான். கெர்மிட்டுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கறி சுட்டுக்கொண்டிருப்பதே தனக்குச் சரி என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. ஒரு முறை சினிமா இசையமைப்பாளர் ஒருவர் கல்யாணத்துக்கு வந்துவிட்டார் என்று எங்கள் செட் முழுக்க அவருடைய பாட்டாகவே வாசித்துத் தள்ளினோம். அவர் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுப் போனார்.

முதல் அத்தியாயம் முடிவதற்குள் ஒரு சாவு வருகிறது. அதே டிராம்போன், அதே ஆள், இப்போது கறுப்புக் கோட்டு. கல்லறைக்குப் போகும்போது மெல்ல, ஒவ்வொரு அடியாக. அந்த ஊரில் கறுப்பினத்தவர் தங்களுக்குள் சீட்டுக் கட்டி வைத்த உதவிச் சங்கங்கள் உண்டு. உறுப்பினர் செத்தால் அடக்கச் செலவும் பாண்டு வாத்தியமும் சங்கத்துப் பொறுப்பு. போகும்போது சிறு முரசின் அடிக்கம்பிகளுக்குள் கைக்குட்டையைச் செருகி ஒலியை மந்தமாக்குவது பழைய வழக்கம். உடலை அனுப்பி வைத்தபிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, துள்ளலாக வாசித்துக்கொண்டு திரும்புவார்கள். பின்னால் குடையும் கைக்குட்டையுமாக ஊரே ஆடிக்கொண்டு வரும். அந்தப் பின்கூட்டத்துக்குத்தான் இரண்டாம் வரிசை என்று பெயர்.

அந்த இடத்தில் மகளைப் படத்தை நிறுத்தச் சொன்னேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன் என்று அவள் நினைத்திருப்பாள்.

எங்கள் குடும்பத்து நாயனம் சாவு வீட்டுக்குப் போனதில்லை. அது மங்கல வாத்தியம். சாவுக்குப் பறை. பறை அடிக்கிறவர் எங்கள் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். திருமண வீட்டில் எங்களைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள் என்று மேலே எழுதினேனே, அவருக்கு அந்த இடமும் கிடையாது. ஒருநாள் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நான் பாடம் வாசித்துக்கொண்டிருந்தபோது தெருவோடு ஒரு பாடை போனது. பறை வாசித்தவர்களில் வயசான ஒருவர் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஏதோ ஒரு கணக்கை வைத்து, எங்கள் திண்ணை தாண்டுவதற்குள் முடித்து, மறுபடி எடுத்தார். உள்ளேயிருந்து தவில்காரர் வெளியே ஓடிவந்து நின்றுவிட்டார். வாத்தியார் "உள்ள வாய்யா" என்றார். தவில்காரர் வரவில்லை. பாடை திரும்பும்வரை நின்றார். ராத்திரி தொடைமேல் தட்டி அந்தக் கணக்கைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தெருதான். போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, கோட்டுப் போட்டு, நாயனக்காரனும் மனுஷன்தான் என்று காட்டிய கதையை எங்கள் வீடுகளில் பேசாத நாள் கிடையாது. அந்த மரியாதையில் ஒரு பங்கை அடுத்த தெருவுக்குக் கொடுக்கலாம் என்று யாரும் பேசவில்லை. கல்யாணத்துக்கும் கல்லறைக்கும் ஒரே குழலைத் தூக்கிக்கொண்டு போகிற ஆளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது அதனால்தான்.

மகளிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "போடு" என்றேன்.

அன்று மூன்று மணிநேரம் பார்த்திருப்போம். பாட்டீஸ்ட்டைப் போலீஸ் அடிக்கிறது. குடிபோதையில் நடந்து போகும்போது டிராம்போன் போலீஸ் வண்டிக் கண்ணாடியில் இடித்துவிட்டது, அதுதான் குற்றம். அடி ஆறிவிடும், வாத்தியம் காணாமல் போகிறது. அப்போது என் மனைவி காபியோடு வந்து நின்றவள், "அய்யய்யோ, வாத்தியம்?" என்றாள். அவன் உதட்டில் ரத்தம் வழிவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நாயனக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்.

ஆல்பர்ட் என்று ஒரு பெரியவர், வெள்ளத்தில் நாறிப்போன வீட்டை விட்டு, ஒரு குடிக்கடையைப் பெருக்கிச் சுத்தம் செய்து, அங்கே உட்கார்ந்து திருவிழாவுக்கு இறகு உடை தைக்கிறார். மார்டி கிரா அன்று செவ்விந்தியர் போல வேஷம் கட்டுகிற கறுப்பினக் குழு ஒன்றின் தலைவர் அவர். குழு ஆட்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கிறார்கள். மகன் நியூ யார்க்கில் டிரம்பெட் வாசிக்கிறான், அப்பாவின் பிடிவாதம் அவனுக்குப் புரியவில்லை. ஊரே இல்லாதபோது யாருக்காக உடை? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்களோடு இரண்டாவது நாயனம் வாசிக்கிறவருக்குத் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தத் தையில் அவர் பக்கத்துக் கல்யாணங்கள் எல்லாம் தள்ளிப்போயின. அவர் தினமும் சாயங்காலம் கூரையில்லாத வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்தார் என்று கேள்விப்பட்டோம். யாருக்காக என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பிறகு 2020. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். அந்த 50-ல் மேளத்துக்கு இடமில்லை. செல்போனில் கெட்டி மேளத்தைப் போட்டு, சின்ன ஸ்பீக்கரை மணவறைப் பக்கம் வைத்துத் தாலி கட்டினார்கள். தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "ஒரு நிமிஷம் ஊதி வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்களேன்" என்றார். அனுப்பினேன். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. வாத்தியார் இருந்திருந்தால் கேட்டதற்காக என்னைத் திட்டியிருப்பார், அனுப்பியதற்காக இன்னும் திட்டியிருப்பார்.

தொடரை எடுத்தவர் டேவிட் சைமன், எரிக் ஓவர்மையரோடு சேர்ந்து. 2010 ஏப்ரலில் வரத் தொடங்கி 2013-ல் முடிந்தது, மொத்தம் 36 அத்தியாயம். கூட்டம் பெரிதாகச் சேரவில்லை. கடைசிப் பருவத்தை ஐந்தே அத்தியாயத்தோடு முடித்தார்கள். மகள் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. ஒரு சமையல்காரப் பெண் கைப்பையிலிருந்து உள்ளூர் பலகாரம் ஒன்றை எடுத்துத் தருவாள். புயலுக்குப் பின் மூன்று மாதத்தில் அந்தப் பலகாரக் கம்பெனி திறந்திருக்கவே இல்லை. ஊர்க்காரன் கண்டுபிடித்துவிடுவான் என்று தெரிந்து, சைமனே அந்த ஊர்ப் பத்திரிகையில், தொடர் வரும் நாளிலேயே எழுதி ஒப்புக்கொண்டாராம். ஒரு பலகாரத்துக்கு இவ்வளவு பயப்படுகிறவன் சீவாளியைக் காட்டியதில் ஆச்சரியமில்லை.

லீவு முடிந்து மகள் போய்விட்டாள். மிச்சத்தை ஆடியில் தவில் அண்ணனோடு பார்த்தேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, என் இங்கிலீஷும் நொண்டும். ஆனாலும் பெரிய முரசு எந்த அடியில் விழுகிறது என்று தொடையில் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டாம் பருவத்தில் பாட்டீஸ்ட்டின் பெண்டாட்டி மாதிரி இருக்கிறவள் நச்சரித்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் பாண்டு சொல்லித்தர அனுப்பிவிடுகிறாள். மாதச் சம்பளம். அவனுக்கு விருப்பமில்லை, மேடை வேண்டும். பிள்ளைகள் கர்ண கடூரமாக ஊதுகிறார்கள். "சம்பளத்துக்கு வந்துட்டானா, பாவம்" என்றார் அண்ணன்.

எனக்கும் சாயங்காலங்களில் சில பிள்ளைகள் வருகிறார்கள். ஆடி முடிவதற்குள் புதிதாக ஒருவர் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயிண்டர் வேலை செய்கிறவர். பையன் கோயிலில் நாயனத்துக்குப் பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்கிறானாம். கொஞ்சம் தயங்கிவிட்டு, "இதுல எவ்வளவு சாமி வரும்?" என்றார். வாத்தியாராக இருந்தால் வெற்றிலையை எடுத்திருப்பார். நான் முகூர்த்தத்துக்கு எவ்வளவு, அதில் தவிலுக்கும் தாளத்துக்கும் போக நிற்பது எவ்வளவு, கோயில் சம்பளம் எவ்வளவு, ஆடியும் மார்கழியும் கல்யாணமே இல்லாமல் எப்படிப் போகும், வரவேற்பு செண்டைக்குப் போய்விட்டால் என்ன குறையும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். பெயிண்ட் வேலையும் மழைக்காலத்தில் அப்படித்தான் என்றார். பிறகு, "தை பொறக்கட்டும், அனுப்பறேன்" என்றார்.

சரி, ஆனால் பழகுவதற்கு ஒரு வாத்தியம் வேண்டும், நரசிங்கம்பேட்டையில் இப்போதே சொல்லிவைத்தால்தான் தையில் கிடைக்கும், நல்ல ஆச்சா மரத்துக்கு அவர்களே அலைகிறார்கள், அதற்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, எவ்வளவு குறையும் என்று கேட்டார். பையன் அதற்குள் என் சீவாளி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.